அழிந்துகொண்டே வந்த ஒரு நிமிஷம்

ரக்ஷாவின் ஆள்காட்டி விரல் கீபோர்டில் எஃப் பன்னிரண்டின் மேல் இருந்தது. அமுக்கவில்லை. சும்மா தொட்டுக்கொண்டிருந்தது. காலையிலிருந்து அப்படியே வைத்திருந்ததில் விரல் மரத்துப்போயிருந்தது.  

அவளுக்கு எதிரே சொர்ணம் ஒரு இரும்பு வாய்க்குள் கையை விட்டு விட்டு எடுத்துக்கொண்டிருந்தாள்.

ஷீட்டை வை. கையை எடு. தடால்! வெட்டின தகட்டை எடு. அடுத்த ஷீட்டை வை. கையை எடு. தடால்!

ஒவ்வொரு தடாலுக்கும் ரக்ஷாவின் தோள் தூக்கிப்போட்டது. சொர்ணம் அதைக் கவனித்துவிட்டாள். காதில் அடைத்திருந்த பஞ்சைப் பாதி இழுத்துக்கொண்டு கத்தினாள்.

“இன்னா மேடம், கை என்னுது. பயம் மட்டும் உங்குளுதா?”

“பேசாதீங்க! மிஷினைப் பாருங்க!”

“பாத்துகினுதான் இருக்கேன். அதுவும் என்னைப் பாத்துகினுதான் இருக்குது.”

சிரித்துவிட்டுப் பஞ்சை உள்ளே தள்ளிக்கொண்டாள். சிரிப்பு உதட்டோடு நின்றுவிட்டது, கண்ணுக்குப் போகவில்லை என்பதை ரக்ஷாவும் கவனித்துவிட்டாள்.

அத்திபெலே தாண்டி, ஓசூர் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளியிருந்த ஷெட் அது. மோட்டார் பைக்குகளுக்குச் சின்னச் சின்னத் தகடுகள் வெட்டித்தரும் இடம். முதலாளி பெயர் நாகேஷ். சொர்ணம் உட்கார்ந்திருந்த ஸ்டூலில் போன வாரம் மமதா என்ற பெண் உட்கார்ந்திருந்தாள். ஆயுத பூஜை முடிந்து ஷெட்டைத் திறந்த அன்றைக்கு, தகடு வெட்டும் பிரஸ் அவள் கை மேல் இறங்கியது. இப்போது மமதா ஆஸ்பத்திரியில். வலது கையில் இரண்டு விரல் இல்லை.

அந்தப் பிரஸ்ஸுக்குப் பெடல் கிடையாது, பித்தான் கிடையாது. அதன் வாய்க்கு முன்னால் கண்ணுக்குத் தெரியாத ஒளி வேலி ஒன்று இருக்கிறது. ஷெட்டில் அதை ‘லைட்டு’ என்பார்கள். கை லைட்டைத் தாண்டி உள்ளே இருந்தால் பிரஸ் அசையாது. கை வெளியே வந்துவிட்டது என்று தெரிந்த மறு வினாடி தானாக இறங்கும். வேலை வேகம். நாகேஷுக்கு அந்த வேகம்தான் பெருமை.

“லைட்டை ஏதோ பண்ணி ஏமாத்தியிருக்கா. திமிர்” என்று நாகேஷ் தொழிற்சாலை இன்ஸ்பெக்டரிடம் சொல்லிவிட்டார்.

மமதா சொன்னது வேறு. “கையை வெளிய எடுத்தேன். மிஷின் வரல. ஷீட்டு சரியா ஒக்காரலையோன்னு திரும்பக் கையை விட்டேன். அப்புறம் வந்துச்சு.”

மிஷின் வரல. அப்புறம் வந்துச்சு. ரக்ஷாவைத் தூங்கவிடாமல் அடித்த வார்த்தைகள் இவைதான். ஏனென்றால் அந்தப் பிரஸ்ஸை ஓட்டுவது ஒரு கம்ப்யூட்டர். கம்ப்யூட்டரில் ஓடும் புரோகிராமை எழுதியது ரக்ஷாவின் கம்பெனி. கம்ப்யூட்டர் எங்கே, எதற்காக மந்தமாகிறது என்று தோண்டிக் கண்டுபிடிப்பது ரக்ஷாவின் வேலை.

மல்லேஸ்வரத்தில் கிளம்பும்போதே அம்மா அனந்தலக்ஷ்மி வாசலில் மறித்துக் கேட்டாள். “கொலு பொம்மையெல்லாம் பொட்டிக்குள்ள வைக்கணும், பரண்ல ஏத்த ஒசரத்துக்கு நீதான் வேணும். எப்போ வருவே?”

“முழுசா வரேம்மா” என்று வாய் தவறிச் சொல்லிவிட்டாள். ஏன் அப்படிச் சொன்னோம் என்று மெட்ரோ முழுக்க யோசித்துக்கொண்டே வந்தாள்.

இங்கே வந்ததும் அவள் செய்த முதல் காரியம், கம்ப்யூட்டருக்குள் ஒரு வேவுகாரனை உட்காரவைத்தது. ‘ட்ரேஸ்’ என்பது அவர்கள் வழக்கில் அதன் பெயர். எந்தப் புரோகிராம் எப்போது ஓடியது, எது எதற்காகக் காத்திருந்தது, டிஸ்க்கை யார் பிடித்துவைத்திருந்தார்கள் எல்லாவற்றையும் அவன் குறித்துக்கொண்டே இருப்பான். ஆனால் டிஸ்க்கில் எழுதமாட்டான். எழுத ஆரம்பித்தால் அதுவே கம்ப்யூட்டரை மந்தமாக்கி, எந்தத் திருடனைத் தேடுகிறோமோ அவன் உஷாராகிவிடுவான். அதனால் எல்லாம் மெமரியில் மட்டும். மெமரி எவ்வளவு பிடிக்கும்? ஒரு நிமிஷம் போலப் பிடிக்கும். அதற்குமேல் பழசை அழித்துவிட்டு அதே இடத்தில் புதுசு. ஒருத்தி கோலம் போட்டுக்கொண்டே முன்னால் போக, இன்னொருத்தி பின்னாலேயே பெருக்கிக்கொண்டு வருகிற மாதிரி.

கோளாறு நடந்த உடனே எஃப் பன்னிரண்டை அமுக்கினால், அந்த நொடியில் மெமரியில் இருக்கும் கோலம் அப்படியே டிஸ்க்கில் பதிந்துவிடும். ஸ்னாப்ஷாட். கொஞ்சம் தாமதித்தால் துடைத்த தரைதான் மிஞ்சும். நடுவில் கரண்ட் போனால் தரைகூட மிஞ்சாது.

ஆனால் அதற்குக் கோளாறு நடக்கவேண்டும். கோளாறு நடப்பதென்றால், சொர்ணத்தின் கை உள்ளே இருக்கும்போது பிரஸ் இறங்குவது.

“சும்மா ஓட்டிப் பார்க்க மிஷினை ஒதுக்கமுடியாதும்மா” என்று நாகேஷ் காலையிலேயே கையை விரித்துவிட்டார். “ஆர்டர் நிக்குது. ஆளு உக்காந்து வேலை பண்ணட்டும், நீ பக்கத்துல உக்காந்து பாத்துக்கோ. சாயங்காலம் ‘கம்ப்யூட்டர்ல தப்பில்லை’ன்னு ஒரு கையெழுத்து. அதோட முடிஞ்சுது. நாளைலேர்ந்து சொர்ணம்தான் இதுல பர்மனென்ட்டு.”

ரக்ஷா கையெழுத்துப் போட்டால் சொர்ணத்தின் கை அந்த வாய்க்குள் தினமும் போகும். பக்கத்தில் விரலை வைத்துக்கொண்டு யாரும் உட்கார்ந்திருக்க மாட்டார்கள்.

சூப்பர்வைசர் கோவிந்தப்பாவையும் அவள் விசாரித்திருந்தாள். “ஆயுத பூஜைக்கு முன்னாடி இந்தப் பிரச்சனை இருந்ததா?”

“இல்ல மேடம். ஏனும் இல்ல.”

“பூஜையிலேர்ந்து இந்தக் கம்ப்யூட்டர்ல யாராவது எதையாவது மாத்தினீங்களா? புதுசா ஏதாவது சேர்த்தீங்களா?”

கோவிந்தப்பா தொண்டையைத் தொட்டுக் காட்டினார். “தேவர் ஆணை மேடம், சாமி சத்தியமா. யாரும் கைகூட வைக்கல.”

சொர்ணத்தையும் கேட்டாள். மற்ற பெண்களையும் கேட்டாள். எல்லோரும் இல்லை என்றார்கள். முகத்தைப் பார்த்தால் பொய் மாதிரி இல்லை.

கம்ப்யூட்டர் ஒரு இரும்பு அலமாரிக்குள் இருந்தது. அலமாரிக்குக் கதவு இல்லை. கதவு இருக்கவேண்டிய இடத்தில் பூஜைக்குப் போட்ட சாமந்தி மாலை சருகாகத் தொங்கிக்கொண்டிருந்தது. சுற்றிலும் சந்தனமும் குங்குமமும். பிரஸ்ஸின் இரண்டு தூணிலும் வாழைக்கன்று கட்டியிருந்தார்கள். மாலையை ஒதுக்கப்போன ரக்ஷாவின் கையைக் கோவிந்தப்பா பதறித் தடுத்துவிட்டார்.

“வேணாம் மேடம். பூஜை பண்ணின ஹாரம். அது தானா உதிரணும். எடுத்தா கெட்டது நடக்கும்.”

கெட்டது ஏற்கெனவே நடந்துவிட்டதே என்று நாக்கு நுனி வரை வந்தது. விழுங்கிக்கொண்டாள்.

தடால்! தடால்! பக்கத்தில் பெரிய பிரஸ் வேறு தன் பங்குக்குப் பூமியை அதிரவைத்தது. அதன் ஒவ்வொரு அடிக்கும் அலமாரி மேல் வைத்திருந்த அவளுடைய தண்ணீர் பாட்டில் எறும்பு மாதிரி நகர்ந்தது. விழப்போகும்போதெல்லாம் இடது கையால் இழுத்து வைத்தாள். வலது கை எஃப் பன்னிரண்டிலேயே இருந்தது.

தடால்! தடால்!

அப்புறம் தடால் கேட்கவில்லை.

அவ்வளவுதான். சினிமாவில் வருகிற மாதிரி மணி அடிக்கவில்லை, சிவப்பு விளக்கு எரியவில்லை. வரவேண்டிய ஒரு சத்தம் வரவில்லை.

ரக்ஷா திரையைப் பார்த்தாள். ஓடிக்கொண்டிருந்த எண்ணிக்கை நின்றிருந்தது. மூலையில் கடிகாரம் நின்றிருந்தது. பிரஸ் மேலே, வாயைத் திறந்தபடி நின்றிருந்தது.

சொர்ணம் கையை வெளியே எடுத்திருந்தாள். பிரஸ் வரவில்லை. ‘த்ச்’ என்று நாக்கைத் தட்டிக்கொண்டு, ஷீட் சரியாக உட்காரவில்லை என்று நினைத்து, கையைத் திரும்ப உள்ளே விட்டாள்.

 என்ன நடக்கிறது என்பது அந்தக் கணத்தில் ரக்ஷாவுக்கு எக்ஸ்ரே எடுத்த மாதிரி தெரிந்துவிட்டது. ‘கை வெளியே வந்தாச்சு’ என்ற செய்தி கம்ப்யூட்டரின் வாசலில் காத்திருக்கிறது. அதற்குப் பின்னால், வரிசையில், ‘கை திரும்ப உள்ளே போயாச்சு’ என்ற செய்தி. உள்ளே கம்ப்யூட்டர் மயங்கிக் கிடக்கிறது. கண் விழித்ததும் வரிசையில் முதலில் நிற்கும் பழைய செய்தியைத்தான் படிக்கும். கை வெளியேதானே இருக்கிறது என்று நம்பும். இறங்கும்.

“கையை எடுங்க! சொர்ணம்!”

பெரிய பிரஸ் அவள் குரலை அப்படியே முழுங்கிவிட்டது. சொர்ணத்தின் காதில் பஞ்சு.

வலது கைக்குக் கீழே எஃப் பன்னிரண்டு. இடது பக்கச் சுவரில் மெயின் ஸ்விட்சின் சிவப்புக் கைப்பிடி. அதை இழுத்தால் பிரஸ் அங்கேயே பிரேக் பிடித்து நிற்கும். ஆனால் கம்ப்யூட்டரும் அதே லைனில்தான். மூலையில் இருந்த யூபிஎஸ்ஸின் பேட்டரி எப்போதோ செத்து, அதன் மேல் டிபன் பாக்ஸ் அடுக்கியிருந்தார்கள். மெயினை இழுத்தால் மெமரி காலி. காலையிலிருந்து தவம் கிடந்த அந்த ஒரு நிமிஷம் காற்றோடு போகும்.

யோசித்தாள் என்று சொன்னால் பொய். இடது கை இழுத்துவிட்டது.

ஷெட்டின் அந்தப் பாதி செத்தது. விளக்கு, மின்விசிறி, திரை எல்லாம் ஒரே மூச்சில் அணைந்தன. பிரஸ் ‘புஸ்ஸ்’ என்று காற்றை விட்டுவிட்டு, மேலேயே நின்றது. கீழே சொர்ணத்தின் கை. கையில் ஷீட்.

சொர்ணம் மெதுவாக நிமிர்ந்து மேலே பார்த்தாள். கையை வெளியே எடுத்தாள். விரல்களை ஒருதரம் மடக்கிப் பார்த்தாள்.

“வரல” என்றாள். பஞ்சை உருவிக் கீழே போட்டாள். “மமதா சொன்னாளே. அதே மாதிரி வரல.”

ஸ்டூலில் உட்கார முடியாமல் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

நாகேஷ் ஆபீஸ் ரூமிலிருந்து ஓடிவந்தார். “யாரு மெயினை இழுத்தது?”

“நான்தான் சார். கம்ப்யூட்டர் நின்னுபோச்சு. இவங்க கை உள்ள இருந்துச்சு. இன்னும் ஒரு நொடி போயிருந்தா…”

“கம்ப்யூட்டர் நின்னுச்சுன்னு எதுல இருக்கு? காட்டு.”

ரக்ஷா கறுத்த திரையைப் பார்த்தாள். “மெமரில இருந்தது. கரண்ட் போனதும் போச்சு.”

“ஓகோ. நின்னுச்சு, ஆனா காட்டமுடியாது. உன் கண்ணு பாத்துச்சு, சொர்ணம் கண்ணு பாத்துச்சு. கண்ணு சொல்றதை வச்சு நான் மிஷினை மூடட்டுமா?” குரலை உயர்த்தவே இல்லை. அது இன்னும் பயமாக இருந்தது. “ஏம்மா சொர்ணம், இன்னும் எத்தனை நேரம் தரையில உக்காந்திருப்பே? எந்திரி.”

சொர்ணம் எழுந்திருக்கவில்லை. “எனக்கு பேஜாரா இருக்குது சார். கையை உள்ள விட மனசு வரல.”

“சரி. ஓசூர்லேர்ந்து ஒரு போன் போட்டா வேற பொண்ணு வரும்.”

 சொர்ணம் தரையில் கையை ஊன்றினாள், எழுந்திருக்க. அந்தக் கையைப் பார்த்ததும் ரக்ஷாவுக்கு எங்கிருந்தோ வாய் வந்தது.

“சார், டீ டைம் ஆகப்போறது. அப்போ எப்படியும் மிஷின் சும்மாதானே நிக்கும்? அந்த நேரத்தை மட்டும் எனக்குக் குடுங்க. கிடைக்கலேன்னா…”

“கிடைக்கலேன்னா கையெழுத்து.”

ரக்ஷா தலையாட்டினாள். ஆட்டிய பிறகுதான் எதற்கு ஒப்புக்கொண்டோம் என்று உறைத்தது.

டீக்கு மணி அடித்தது. ஷெட் அடங்கியது. பெண்கள் வாசல் பக்கம் போனார்கள். ரக்ஷா மெயினைத் திரும்பப் போட்டு, கம்ப்யூட்டரை உயிர்ப்பித்து வேவுகாரனைத் திரும்ப உட்காரவைத்தாள். அப்புறம் பிரஸ்ஸின் தூணில் கட்டியிருந்த வாழைக்கன்றின் கயிற்றை அவிழ்க்க ஆரம்பித்தாள்.

“ஐயோ மேடம்!” கோவிந்தப்பா டீ கிளாசோடு ஓடிவந்தார். “அது பூஜைக்குக் கட்டினது!”

“எனக்குக் கை மாதிரி ஒண்ணு வேணும். உள்ள விட்டு எடுக்கறதுக்கு.”

“அதுக்குன்னு பூஜை வாழையா?”

“இன்னாண்ணா நீ” என்றாள் சொர்ணம், தரையிலிருந்தே. “அம்மனுக்கு வாழை வேணுமா, கை வேணுமா? கேட்டுட்டு வந்து சொல்லு, போ.”

எழுந்து வந்து, தகடு வெட்டும் கத்தியால் கன்றை அடியில் ஒரே போடாகப் போட்டாள். இலையைச் சீவித் தள்ளினாள். ஒரு முழங்கை அளவு பருமனில் ஈரத்தண்டு மிஞ்சியது. அதன் ஒரு நுனியைப் பிடித்துக்கொண்டு, பிரஸ்ஸிலிருந்து நன்றாகத் தள்ளி நின்றாள்.

“நீங்க வேணாம், நான் பண்றேன்” என்றாள் ரக்ஷா.

“நீ பித்தானைப் பாரு கண்ணு. எனக்கு அது தெரியாது. இது எனக்குத் தெரியும்.”

மேடம் எப்போது கண்ணு ஆனது என்று இருவருமே கவனிக்கவில்லை.

தண்டை உள்ளே விடு. வெளியே எடு. தடால்! உள்ளே விடு. வெளியே எடு. தடால்!

ஒழுங்காக வேலை செய்தது. சொன்ன பேச்சுக் கேட்கிற பிள்ளை மாதிரி ஒவ்வொரு தடவையும் சரியாக இறங்கியது. வாசலில் டீ கிளாஸ்கள் காலியாகிக்கொண்டிருந்தன. நாகேஷ் ஆபீஸ் ரூம் கண்ணாடிக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். கையில் பேனா.

காலையில் ரக்ஷா அது நடந்துவிடக்கூடாதே என்று பயந்தாள். இப்போது அது நடக்காமலே போய்விடுமோ என்று பயந்தாள். இரண்டாவது பயம் முதலாவதைவிட மோசமாக இருந்தது. முதலாவதில் இழுக்க ஒரு கைப்பிடியாவது இருந்தது.

வாய் உலர்ந்தது. தண்ணீர் பாட்டிலுக்குக் கையை நீட்டினாள். நீட்டிய கை அந்தரத்தில் நின்றது.

பாட்டில் வைத்த இடத்திலேயே இருந்தது. நகரவே இல்லை.

“கோவிந்தப்பா! பெரிய பிரஸ்ஸை ஓட்டுங்க!”

“டீ டைம் மேடம்…”

“அதோட ஆட்டம் இருந்தாத்தான் இது வருது! காலையில தரை அதிர்ந்துண்டே இருந்தது. இப்போ அதிரவே இல்லை. ஓட்டுங்க, ப்ளீஸ்!”

கோவிந்தப்பா ஆபீஸ் கண்ணாடியைப் பார்த்தார். அப்புறம் அந்த ஸ்டூலைப் பார்த்தார். போன வாரம் மமதாவைத் தூக்கிக்கொண்டு ஆட்டோவுக்கு ஓடியவர் அவர். டீயைத் தரையில் ஊற்றிவிட்டுப் போய்ப் பெரிய பிரஸ்ஸின் முன்னால் நின்றார்.

பூமி அதிர்ந்தது. பாட்டில் நகர்ந்தது. தண்டு உள்ளே, வெளியே. தடால்! தண்டு உள்ளே, வெளியே. தடால்! உள்ளே, வெளியே…

சத்தம் வரவில்லை.

திரையில் கடிகாரம் நின்றது.

“சொர்ணம்! உள்ள விடுங்க! விட்டுட்டுப் பிடிச்சுக்குங்க!”

சொர்ணம் தண்டைத் திரும்ப உள்ளே விட்டாள். மமதா செய்த மாதிரியே. லைட்டைத் தாண்டி, வாயின் நடுவில், அசையாமல். இருவரும் மூச்சு விடவில்லை. பிரஸ் மேலே நின்றது. நின்றது. நின்றுகொண்டே இருந்தது.

இறங்கியது.

‘சளக்’ என்று ஒரு சத்தம். குளிர்ந்த சாறு ரக்ஷாவின் கன்னத்திலும் மூக்குக்கண்ணாடியிலும் வந்து அடித்தது. சொர்ணத்தின் கையில் பாதித் தண்டு. மறு பாதி காகிதம் மாதிரித் தட்டையாகிக் கிடந்தது.

ரக்ஷா அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். கன்னத்தில் வழிவது தண்ணீர்தான் என்று அவளுக்குத் தெரியும். ஆனால் கை துடைக்க வரவில்லை. விரல் எஃப் பன்னிரண்டின் மேலேயே இருந்தது. அமுக்கவேண்டும் என்றும் தெரியும். விரல் அவளுடையது மாதிரியே இல்லை. திரையில் கடிகாரம் உயிர்பெற்று ஓட ஆரம்பித்திருந்தது. மெமரிக்குள் கோலத்தின் பின்னால் துடைப்பம் வந்துகொண்டிருந்தது.

“கண்ணு!” சொர்ணம் பாதித் தண்டை வீசிவிட்டுப் பாய்ந்து வந்தாள். “இன்னா வேடிக்கை பாக்குறே? அமுக்கு! ஜல்தி!”

தோளில் ஒரு அறை விழுந்தது. விரல் அமுங்கியது.

திரையில் ஒரு சின்னப் பச்சைக் கோடு முளைத்து, இடமிருந்து வலமாக ஊர ஆரம்பித்தது. மெமரி டிஸ்க்குக்கு இறங்குகிறது. பெரிய பிரஸ் ஒவ்வொரு அடி அடிக்கும்போதும் தலைக்கு மேல் விளக்கு ஒரு கணம் மங்கியது. ஒவ்வொரு மங்கலுக்கும் ரக்ஷாவின் உயிர் போய் வந்தது. “நிறுத்துங்க! பெரிய பிரஸ்ஸை நிறுத்துங்க!” என்று கத்தினாள். அது நின்றது. கோடு ஊர்ந்தது. பாதி. முக்கால். கடைசிப் பொட்டில் போய் ஒட்டிக்கொண்டு நகரமாட்டேன் என்றது.

அப்புறம் மறைந்தது. சேமித்தாகிவிட்டது.

ரக்ஷா அதைக் கேபிள் வழியாகத் தன் லேப்டாப்புக்கு இழுத்துப் பிரித்துப் பார்த்தபோது சொர்ணமும் கோவிந்தப்பாவும் அவள் தோளுக்குப் பின்னால் நின்றார்கள். திரையில் வண்ண வண்ணப் பட்டைகள். அவர்களுக்கு அது புடவைக் கடை பார்டர் மாதிரி தெரிந்திருக்கும். அவளுக்கு அது ஒரு ஆளின் வாக்குமூலம்.

“இதோ, பிரஸ் புரோகிராம். இங்க நின்னு போச்சு. எதுக்காகக் காத்திருக்கு… டிஸ்க். டிஸ்க்கை யார் பிடிச்சுண்டிருக்கா… வைரஸ் சோதிக்கிற புரோகிராம். அது ஏன் திடீர்னு முழிச்சுண்டது…” விரல் பட்டையின் மேல் பின்னோக்கி நகர்ந்தது. நின்றது. “புதுசா ஒரு பென் டிரைவ் சொருகியிருக்குன்னு சொல்றது.”

மூன்று பேரும் சுற்றிப் பார்த்தார்கள். அங்கே அவர்களைத் தவிர யாரும் இல்லை.

“யார் சொருகினது? இப்பவா?” ரக்ஷா திரையை நோக்கிக் குனிந்தாள். பட்டையை இன்னும் நகர்த்தினாள். அதே பென் டிரைவ்தான், ஒரு கணம் முன்னால் போயிருந்தது, திரும்ப வந்திருந்தது. யாரும் சொருகவில்லை. ஏற்கெனவே உள்ளேயே இருப்பது ஆட்டத்தில் நழுவி நழுவி ஒட்டுகிறது. “பெயர் ‘தசரா’ன்னு போட்டிருக்கு. இங்கே பென் டிரைவ் எதுவும் இருக்கா?”

சொர்ணமும் கோவிந்தப்பாவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

கோவிந்தப்பா அலமாரி அருகில் போனார். செருப்பைக் கழற்றினார். கன்னத்தில் போட்டுக்கொண்டு, சருகான சாமந்தி மாலையை இரண்டு விரலால் ஒதுக்கினார். அதன் பின்னால், கம்ப்யூட்டரின் முகத்தில், குங்குமம் அப்பிய ஒரு சின்னப் பென் டிரைவ் சொருகியிருந்தது.

“முதலாளி பூஜைக்கு எல்லாருக்கும் ஒண்ணொண்ணு குடுத்தார் மேடம். தேவி பாட்டு இருக்கு அதுல. முதல்ல மிஷினுக்குன்னு சொல்லி அவரே தன் கையால இங்க வச்சார். மங்களாரத்திகூட எடுத்தோம்.”

“காலையில கேட்டேனே! புதுசா எதாவது சேர்த்தீங்களான்னு!”

“அது பூஜை சாமான் இல்லியா கண்ணு” என்றாள் சொர்ணம். குரல் கம்மியிருந்தது. “பூ, எலுமிச்சம்பழம், அதோட அதுவும் ஒண்ணு. கம்ப்யூட்டர் சாமான்னு யாரு நெனச்சாங்க? முதலாளி வச்சதை யாரு எடுப்பாங்க?”

பெரிய பிரஸ் அதிரும்போதெல்லாம் அது நழுவும். திரும்ப ஒட்டும்போது கம்ப்யூட்டருக்கு அது புது விருந்தாளி. விருந்தாளியின் மூட்டையில் உள்ள பாட்டு முழுவதையும் வைரஸ் புரோகிராம் பிரித்துச் சோதிக்கும். அதுவரை பிரஸ்ஸின் செய்திகள் வாசலில் நிற்கும். பழைய செய்தி பழையது என்று தெரியாமல் நம்பியது ரக்ஷாவின் கம்பெனி எழுதின புரோகிராம். அதையும் ரிப்போர்ட்டில் எழுதியாகவேண்டும். வேலையே போகலாம். போனில் இணையத்தைப் பிடித்து, ஸ்னாப்ஷாட்டைத் தன் ஆபீசுக்கும் தன் மெயிலுக்கும் அனுப்பினாள். இன்னொரு பென் டிரைவில் பிரதி எடுக்க அவளுக்குத் தைரியமில்லை.

நாகேஷ் வந்தபோது டீ டைம் முடிந்திருந்தது. பெண்கள் திரும்பி வந்து கூட்டமாக நின்றார்கள். ரக்ஷா சொன்னதை அவர் முழுவதும் கேட்டார். கேட்டுவிட்டு, குனிந்து, பென் டிரைவைப் பிடுங்கினார். குங்குமத்தைக் கட்டைவிரலால் துடைத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

“இதுதானே? எடுத்தாச்சு. பிரச்சனை தீர்ந்துது. கையெழுத்துப் போடும்மா.”

“தீரலை சார். இன்னிக்கு இது. நாளைக்கு வேற எதாவது கம்ப்யூட்டரை நிறுத்தும். லைட்டோட ஒயர் நேரா பிரேக்குக்குப் போகணும். வேகத்துக்காக அதைக் கம்ப்யூட்டர் வழியா சுத்திவிட்டிருக்கீங்க. அதை மாத்தற வரைக்கும் யார் கையும் உள்ள போகக்கூடாது. கம்ப்யூட்டர்ல தப்பிருக்குன்னுதான் நான் கையெழுத்துப் போடுவேன்.”

“சொர்ணம்” என்றார் நாகேஷ், ரக்ஷாவைப் பார்த்தபடியே. “உக்காரு.”

சொர்ணம் அசையவில்லை. ஒருத்தியும் அசையவில்லை.

ரக்ஷா ஸ்டூலைக் காட்டினாள்.  “நீங்க உக்காருங்க சார். பென் டிரைவைத்தான் எடுத்தாச்சே. ஒரே ஒரு ஷீட்.”

நாகேஷ் சிரித்தார். கூட்டத்தைப் பார்த்தார். சிரித்துக்கொண்டே ஸ்டூலில் உட்கார்ந்தார். சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டார். ஒரு ஷீட்டை எடுத்தார். மேலே பிரஸ் வாயைத் திறந்து வைத்திருந்தது. அதன் உதட்டில் வாழை நார் ஒட்டிக்கொண்டிருந்தது.

மோதிரம் போட்ட கை லைட்டுக்கு ஒரு சாண் இருக்கும்போது நின்றது.

 ஷீட்டின் நுனி மட்டும் ‘டிக் டிக்’ என்று மேஜையில் தட்டிக்கொண்டிருந்தது. கை நடுங்கினால் தகடு அப்படித்தான் தட்டும். அந்த ஷெட்டில் எல்லோருக்கும் அந்தச் சத்தம் தெரியும்.

நாகேஷ் கையை இழுத்துக்கொண்டார். ஷீட்டைக் கீழே வைத்தார். யார் முகத்தையும் பார்க்காமல் எழுந்து ஆபீஸ் ரூமைப் பார்க்க நடந்தார்.

கோவிந்தப்பா சுவர்ப் பக்கம் போய்ச் சிவப்புக் கைப்பிடியைப் பிடித்து இழுத்தார். திரை அணைந்தது. ரக்ஷாவுக்குத் தூக்கிவாரிப்போட்டது. மெமரி! கை தானாக நெஞ்சுக்குப் போனது. அப்புறம்தான் ஞாபகம் வந்தது. அந்த நிமிஷம் இப்போது மெமரியில் இல்லை. எத்தனை தடவை இழுத்தாலும் இனி அது அழியாது.

சொர்ணம் போனை எடுத்து ஸ்பீக்கரில் போட்டாள். நாலைந்து தடவை மணி அடித்த பிறகு எடுத்த குரல் மருந்து மயக்கத்தில் கனத்திருந்தது.

“மமதா, நான்தான்டி. இன்னாவோ சொன்னியே அன்னிக்கு, மிஷின் வரல, அப்புறம் வந்துச்சுன்னு…”

சொர்ணம் தட்டையாகிக் கிடந்த தண்டைப் பார்த்தாள்.

“நெசம்டி. பிடிச்சுட்டோம்.”